பகிர்ந்தால் படகு வருமா? பேரிடர் மீட்பில் இணையம் செய்யும் வேலை

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிச் சென்னையில் இன்றும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஃபேஸ்புக்கும் ட்விட்டரும்தான் நகரத்தைக் காப்பாற்றின என்பது ஒரு பேச்சு. வாட்ஸ்அப் வதந்திகள்தான் மக்களைக் கலங்கடித்தன என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டிலுமே நடுப்பகுதி காணாமல் போகிறது. ஒருவர் கைபேசியில் தட்டிய நான்கு வரிகள், இன்னொருவர் ஓட்டிவரும் படகாக எப்படி மாறுகின்றன? இடையில் எத்தனை கைகள் வேண்டும்? எந்தக் கை நழுவினால் அந்த வரிகள் வீணாகின்றன?

இது தெரியாததால், பகிர்வதே உதவி என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. மழை கொட்டும் நாளில் ‘அதிகம் பகிரவும்’ என்று வருவதையெல்லாம் முன்பின் பாராமல் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுகிறோம். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். மீட்புப் பணியில் இருப்பவர்களுக்கோ அது பல நேரம் சுமையாகப் போய்ச் சேர்கிறது. அது ஏன் என்பதைத் தொழில்நுட்பப் பின்னணி இல்லாதவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

திருவிழாவில் தொலைந்த குழந்தை

ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தை தவறிவிட்டால் என்ன நடக்கும்? யாராவது ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காவல்துறையின் உதவிப் பந்தலுக்குப் போவார். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும்: நான்கு வயதுப் பெண் குழந்தை, பச்சைப் பாவாடை, பெற்றோர் தேரடிக்கு அருகில் உள்ள பந்தலுக்கு வரவும். அம்மா ஓடி வருவார். உண்மையிலேயே அவர்தான் அம்மாவா என்று காவலர் இரண்டு கேள்விகள் கேட்பார். குழந்தை கைமாறும். அத்துடன் அறிவிப்பு நின்றுவிடும்.

அந்த அறிவிப்பு நிற்பதைக் கவனியுங்கள். செய்தி ஓரிடத்துக்கு வந்து சேர்ந்தது, அடையாளமும் இடமும் தெளிவாகச் சொல்லப்பட்டன, வந்தவர் யார் என்று சரிபார்க்கப்பட்டது, பொறுப்புள்ள ஒருவர் காரியத்தை முடித்தார், முடிந்ததும் ஒலிபெருக்கி ஓய்ந்தது.

இப்போது அதே திடலில் ஆயிரம் பேர் கையில் ஆயிரம் ஒலிபெருக்கிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைப் பற்றிய செய்தி சில நிமிடங்களில் ஊர் முழுக்கப் பரவிவிடும். அது பெரிய நன்மை. ஆனால் குழந்தை கிடைத்துவிட்டது என்பது பந்தலுக்கு அருகில் இருந்த பத்துப் பேருக்குத்தான் தெரியும். மற்றவர்கள் மறுநாள் காலை வரை அறிவித்துக்கொண்டே இருப்பார்கள். இதற்கிடையில் இன்னொரு குழந்தை தொலைந்தால் அதன் செய்தி அந்த இரைச்சலில் அமுங்கிப் போகும்.

பேரிடர் நேரத்து இணையம் இப்படித்தான் இருக்கிறது. ஒலிபெருக்கிகளுக்குக் குறைவில்லை. செய்தியைப் பெற்று, சரிபார்த்து, முடித்துவைத்து, முடிந்தது என்று சொல்லும் பந்தல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

செய்தி ஓடும் மூன்று திசைகள்

‘சமூக ஊடகத்தின் பங்கு’ என்று மொத்தமாகப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. பேரிடரில் செய்தி மூன்று திசைகளில் ஓடுகிறது. அரசிடமிருந்து மக்களுக்கு வருவது எச்சரிக்கை. மக்களிடமிருந்து மீட்பவர்களுக்குப் போவது உதவிக் கோரிக்கை. மக்களுக்குள்ளேயே நடப்பது ஒருங்கிணைப்பு: எந்தத் தெருவில் தண்ணீர், எந்தப் பள்ளியில் முகாம், யார் வீட்டில் மாடி காலியாக இருக்கிறது, சாப்பாட்டு வண்டி எங்கே போகிறது என்பவையெல்லாம் இதில் அடங்கும்.

ஃபேஸ்புக் 2014இல் கொண்டுவந்த ‘சேஃப்டி செக்’ மூன்றாவது வகையைச் சேர்ந்தது. பாதிக்கப்பட்ட பகுதியில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால், அவர் பத்திரமாக இருக்கிறார் என்று உறவினர், நண்பர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். 2015 ஏப்ரலில் நேபாள நிலநடுக்கத்தின்போது இது பெரிய அளவில் பயன்பட்டது; அதே ஆண்டு டிசம்பரில் சென்னைக்கும் திறக்கப்பட்டது. படகை அனுப்பும் வேலை இதற்குக் கிடையாது. ஆனாலும் இதன் பயன் பெரிது. ‘நலமா?’ என்று கேட்க அழைக்கும் ஒவ்வோர் அழைப்பும், திணறிக்கொண்டிருக்கும் தொலைபேசிக் கோபுரத்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த அழைப்புகள் குறைந்தால், கழுத்தளவு நீரில் நிற்பவரின் அழைப்புக்கு வழி கிடைக்கும்.

சென்னையில் மக்களே போட்ட பந்தல்

2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர்; ஆக, ஒவ்வொரு வினாடியும் 8 லட்சம் லிட்டருக்கு மேல் அடையாற்றில் இறங்கியது. விமான நிலையம் மூடப்பட்டது. அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாததால் டிசம்பர் 2 அன்று ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் சென்னையில் வெளிவரவில்லை. 1878இல் தொடங்கிய அந்த நாளிதழுக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை.

அந்த வெற்றிடத்தில்தான் ‘சென்னை ரெயின்ஸ்’, ‘சென்னை ரெயின்ஸ் ஹெல்ப்’ என்ற ஹாஷ்டேகுகள் எழுந்தன. ஹாஷ்டேக் என்பது ஒரு பொருளைப் பற்றிய பதிவுகளையெல்லாம் ஒரே கயிற்றில் கோக்கும் குறிச்சொல். ஆனால் கயிற்றில் கோத்துவிட்டால் மட்டும் யாரும் மீட்கப்படுவதில்லை. சிலர் அந்தப் பதிவுகளை எடுத்து, எல்லோரும் திருத்தக்கூடிய ஓர் இணைய அட்டவணையில் வரிசையாக எழுதத் தொடங்கினார்கள். இடம், தேவை, தொடர்பு எண், தற்போதைய நிலை. தங்க இடம் தருபவர்கள் ஒரு பக்கம், சாப்பாடு தருபவர்கள் ஒரு பக்கம், படகு வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம். அந்த அட்டவணைகள் விரைவிலேயே ஓர் இணையதளமாக வளர்ந்தன. திரைத்துறையிலும் வானொலியிலும் பெயர் பெற்ற சித்தார்த், ஆர்.ஜே. பாலாஜி போன்றவர்கள் தங்களைப் பின்தொடரும் லட்சக்கணக்கானவர்களை அந்தப் பக்கம் திருப்பினார்கள்.

இப்படிப் பலர் சிறிது சிறிதாகத் தரும் தகவலை ஒரே இடத்தில் சேர்த்துப் பயன்படுத்துவதைக் கூட்டத்திரட்டு என்கிறார்கள். வரைபடத்திலும் இதே வேலை நடந்தது. ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்பது உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வரைந்து, யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி எடுத்தாளக்கூடிய வரைபடம். அதன் மேல், நீர் தேங்கிய தெருவைத் தொட்டு நிறம் மாற்றும் வசதியை ஏற்படுத்தினார்கள். தங்கள் தெரு மூழ்கியிருப்பதை மக்களே குறித்தார்கள். எந்த அலுவலகத்திடமும் அந்த நேரத்தில் இல்லாத தெருவாரியான வெள்ள வரைபடம் மக்கள் கையாலேயே உருவாயிற்று.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. இந்த வேலையில் பாதிக்கு மேல் தொலைபேசி வேலை. ஒவ்வொரு பதிவுக்கும் யாராவது ஒருவர் அந்த எண்ணை அழைத்து, ‘இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா? எத்தனை பேர்? தண்ணீர் எவ்வளவு உயரம்?’ என்று கேட்க வேண்டியிருந்தது. வெள்ளத்தில் இருந்தவர்களுக்கு மின்சாரமும் இல்லை, கைபேசியில் சார்ஜும் இல்லை. அதனால் மின்சாரமும் இணையமும் இருந்த வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் உட்கார்ந்திருந்தவர்கள் இந்த வேலையில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டார்கள். தொலைவில் இருப்பவரால் என்ன செய்ய முடியும் என்று இனி யாராவது கேட்டால், இதைச் சொல்லுங்கள்: பகிர வேண்டாம், அழைத்துச் சரிபாருங்கள்.

இதுவரை பார்த்தது: பதிவு என்பது மூலப்பொருள் மட்டுமே. அதை அட்டவணையில் ஏற்றி, தொலைபேசியில் சரிபார்த்து, வரைபடத்தில் வைக்கும் மனிதர்கள்தான் அதைப் பயனுள்ளதாக்குகிறார்கள்.

ஒரு கோரிக்கை கடந்துபோகும் வாசல்கள்

2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது கேரளத்தில் இந்த முறை ஒரு படி முன்னேறியது. மாநில அரசின் தகவல் தொழில்நுட்ப அமைப்பான ஐ.டி. மிஷனும் தன்னார்வ மென்பொருளாளர்களும் சேர்ந்து ‘கேரளா ரெஸ்க்யூ’ என்ற தளத்தை நடத்தினார்கள். சென்னையில் மக்கள் தாங்களாகப் போட்ட பந்தலுக்கு அங்கே அரசின் ஆதரவும் சேர்ந்தது. கோரிக்கைகள் ஒரே படிவத்தில் வந்தன. மாவட்டவாரியாகப் பிரிந்து நிர்வாகத்தின் பார்வைக்குப் போயின.

கோரிக்கை உள்ளே வந்ததும் முதல் வேலை, இரட்டிப்பை நீக்குவது. மாடியில் சிக்கிய ஒரு குடும்பத்துக்காக வளைகுடாவில் இருக்கும் மகன் ஒரு கோரிக்கை எழுதுவார், பெங்களூரில் இருக்கும் மருமகள் ஒன்று எழுதுவார், பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று, அவர்களில் ஒருவருடைய பதிவைப் பார்த்த முன்பின் தெரியாதவர்கள் பலர் ஆளுக்கொன்று. கட்டுப்பாட்டு அறையின் திரையில் அது இருபது குடும்பங்களாகத் தெரியும். கட்டுப்பாட்டு அறை என்பது மீட்புக் குழுக்களை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்கும் மையம். அங்கே உட்கார்ந்திருப்பவர் அந்த இருபதும் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்கச் செலவிடும் நேரம், உண்மையிலேயே வேறான இருபத்தொன்றாவது குடும்பத்தின் நேரம்.

அடுத்தது இடம். நமக்கு முகவரி என்றால் கதவு எண், தெரு, ஊர். கேரளத்தின் கிராமப்புறங்களில் பல வீடுகளுக்கு வீட்டுப் பெயர்தான் முகவரி. உள்ளூர் அஞ்சல்காரருக்கு அது போதும். கடலோரத்திலிருந்து படகை லாரியில் ஏற்றிக்கொண்டு முன்பின் பார்த்திராத உள்நாட்டு ஊருக்கு வந்த மீனவருக்கு அது என்ன சொல்லும்? அதிலும் தெருவே ஆறாகி, பெயர்ப் பலகையெல்லாம் நீருக்குள் போன பிறகு? நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் அறுநூறுக்கும் மேற்பட்ட படகுகளோடு வந்து, அரசின் கணக்குப்படி 65,000 பேர் அளவுக்கு மீட்டார்கள். அவர்களுக்கு வழிகாட்ட உள்ளூர் இளைஞர்கள் படகில் ஏற வேண்டியிருந்தது. இணையத்தால் தர முடியாத அறிவு அது.

இணையம் கொண்டுசேர்க்க முடிந்தது அட்ச தீர்க்கத்தை. பூமியில் ஓர் இடத்தை இரண்டு எண்களால் குறிப்பதற்கு அந்தப் பெயர். சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வடக்கு, 80 டிகிரி கிழக்கு. புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கங்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு இலக்கங்கள் எழுதினால் ஒரு கிலோமீட்டர் வரை தவறலாம். நான்கு இலக்கங்கள் எழுதினால் தவறு 10 மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். அதாவது ஒரு வீட்டின் வாசல் வரை. கைபேசியிலிருந்து எண்ணைப் பார்த்து எழுதும்போது கடைசி இலக்கங்கள் எதற்கு என்று வெட்டிவிடாதீர்கள்.

இங்கே பரவலான தவறான எண்ணம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இணையம் போய்விட்டால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். ஜி.பி.எஸ். நேரடியாகச் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞையைக் கேட்டு இடத்தைக் கணக்கிடுகிறது. அதற்கு இணையம் தேவையில்லை. இணையம் இல்லாதபோது கொஞ்சம் தாமதமாகலாம், வானம் தெரியும் இடத்தில் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இணையம் போனால் மறைவது பின்னணியில் தெரியும் வரைபடப் படம். அதையும் முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். திசைகாட்டிச் செயலியில் தெரியும் அந்த இரண்டு எண்களையும் ஒரு சாதாரணக் குறுஞ்செய்தியில் அனுப்பிவிட முடியும்.

இடம் தெரிந்த பிறகு முன்னுரிமை. முதல் மாடியில் நான்கு இளைஞர்கள், தரைத்தளத்தில் டயாலிசிஸ் தேவைப்படும் ஒரு முதியவர். இரண்டும் ‘உடனடி உதவி தேவை’ என்றே வரும். யாரிடம் முதலில் போவது என்று பிரிக்கும் வேலைக்கு, தண்ணீரின் உயரமும் ஆட்களின் உடல்நிலையும் தெரிய வேண்டும். ‘அவசரம், அவசரம், தயவுசெய்து காப்பாற்றுங்கள்’ என்று பத்து முறை எழுதியிருக்கும் பதிவில் இந்த இரண்டும் இல்லாவிட்டால், அது வரிசையில் பின்னுக்குப் போக நேரிடும். கொடுமைதான். பயத்தில் இருப்பவருக்குத் தெளிவாக எழுத வராது. அதனால்தான் அவருக்காக எழுதும் உறவினர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கடைசி வாசல், முடித்துவைப்பது. படகு போயிற்று, ஆட்கள் முகாமுக்கு வந்துவிட்டார்கள். இந்தச் செய்தி திரும்பவும் மேலே ஏறி, அந்தக் கோரிக்கைக்கு எதிரே ‘மீட்கப்பட்டனர்’ என்று எழுதப்பட வேண்டும். எல்லாப் பேரிடர்களிலும் மிகவும் பலவீனமான கண்ணி இதுதான் என்பது என் கருத்து. உயிர் பிழைத்தவருக்குக் கைபேசியில் சார்ஜ் இல்லை. இருந்தாலும் பழைய பதிவுக்குத் திரும்பும் மனநிலை இருக்காது. மீட்டவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். பதிவு மட்டும் இரண்டு நாள், மூன்று நாள் என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி இன்னொரு படகு காலி வீட்டுக்குப் போகிறது.

இந்தப் பகுதியின் சுருக்கம்: இரட்டிப்பு நீக்கம், இடம், முன்னுரிமை, முடித்துவைத்தல். இவற்றில் எதையும் ‘பகிர்’ பொத்தான் செய்வதில்லை. அது இரட்டிப்பைத்தான் கூட்டுகிறது.

முன்னோடிகள்

பேரிடருக்கென்றே மென்பொருள் எழுதும் முயற்சியில் நம் அண்டை நாட்டுக்கு முக்கியமான இடம் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, இலங்கையின் மென்பொருளாளர்கள் ‘சஹானா’ என்ற கட்டற்ற மென்பொருளை, அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தித் திருத்தக்கூடிய மென்பொருளை, உருவாக்கினார்கள். காணாமல் போனவர்களின் பதிவேடு, முகாம்களின் பட்டியல், நிவாரணப் பொருள்களின் தேவை ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள அது உதவியது. பின்னர் பாகிஸ்தான் நிலநடுக்கம் உட்பட வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது.

2010 ஜனவரி 12 அன்று ஹைத்தியில் நிலநடுக்கம் தாக்கியபோது மக்கள் உதவி கேட்க 4636 என்ற குறுஞ்செய்தி எண் திறக்கப்பட்டது. செய்திகள் பெரும்பாலும் ஹைத்திய கிரியோல் மொழியில் வந்தன. வந்திருந்த மீட்புக் குழுக்கள் பலவற்றுக்கு அந்த மொழி தெரியாது. அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் வாழ்ந்த ஹைத்தியர்கள் இணையம் வழியே அவற்றை மொழிபெயர்த்தார்கள். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சுக்கு விரிவான தெரு வரைபடம் இல்லாததால், தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில நாள்களில் அதையும் வரைந்தார்கள்.

சத்தம் வராத இடங்கள்

இணையத்தை நம்பி மீட்புப் பணியைத் திட்டமிடுவதில் உள்ள மிகப் பெரிய ஆபத்து வதந்தி அல்ல. மௌனம்.

கைபேசிக் கோபுரம் வேலை செய்ய மூன்று தேவைகள் உண்டு. மின்சாரம் வேண்டும்; அது போனால் மின்கலமும் டீசல் ஜெனரேட்டரும் தாங்குவது சில மணி நேரம்தான். கோபுரத்தை வெளியுலகோடு இணைக்கும் கண்ணாடி இழைக் கம்பி அறுபடாமல் இருக்க வேண்டும். பயன்படுத்துபவர்களின் எண்ணிக்கை அதன் கொள்ளளவைத் தாண்டக் கூடாது. பேரிடரில் மூன்றுமே ஒரே நேரத்தில் பொய்த்துப் போகின்றன. கொள்ளளவு மட்டும்தான் சிக்கல் என்றால் குறுஞ்செய்திக்கு வாய்ப்பு உண்டு. பேச்சு அழைப்புக்குத் தேவைப்படும் இடத்தில் மிகச் சிறு பகுதியே அதற்குப் போதும், வழி கிடைக்கும்வரை காத்திருந்து போய்ச் சேரவும் அதனால் முடியும். மின்சாரமே போய்விட்டால் எதுவும் இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் தென்னந்தோப்புகள் வேரோடு விழுந்தன. பல கிராமங்களில் பல நாள்களுக்கு மின்சாரமும் கைபேசித் தொடர்பும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் சென்னை இணையத்தில் எழுப்பிய குரலோடு ஒப்பிட்டால், அந்த முதல் நாள்களில் டெல்டாவின் குரல் மிகவும் மெல்லியது. அடி குறைவு என்பதால் அல்ல. குரல் எழுப்பும் கருவியே அடிபட்டுவிட்டது. இந்த நியாயமின்மை இன்னும் சரியாகப் பேசப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

2023 டிசம்பரிலும் அதுவே நடந்தது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது நாடே பார்த்தது. இரண்டு வாரத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது, சுற்றிலும் வெள்ளம். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் பல ஊர்களிலிருந்து தகவலே வெளியே வரவில்லை.

அமெரிக்காவிலும் இதே பாடம் படிக்கப்பட்டது. 2012இல் சாண்டி புயல் தாக்கியபோது ட்வீட்டுகள் நியூயார்க் நகரின் மையப் பகுதியான மான்ஹாட்டனிலிருந்தே அதிகம் வந்தன. அதைவிடக் கடுமையாக அடிபட்ட ராக்கவே போன்ற கடலோரப் பகுதிகளிலிருந்து வந்தவை குறைவு. ட்வீட்டுகளின் எண்ணிக்கையை வைத்துச் சேத வரைபடம் போட்டிருந்தால் அது கைபேசி வேலை செய்த இடங்களின் வரைபடமாகவே இருந்திருக்கும்.

ஆகவே அனுபவமுள்ள அதிகாரி திரையில் புள்ளிகள் குவிந்திருக்கும் இடத்தைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. புயலின் பாதையில் இருந்தும் ஒரு புள்ளிகூட வராத ஊர் எது என்றும் பார்ப்பார். அங்கே ஆளை நேரில் அனுப்புவார், அல்லது ஹாம் வானொலியையும் (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் கைபேசிக் கோபுரம் இல்லாமலே பேசிக்கொள்ளும் வானொலி) செயற்கைக்கோள் தொலைபேசியையும் நாடுவார்.

பொய், பழைய உண்மை, நம்பப்படாத உண்மை

2015இல் சென்னை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று செய்தி பரவியது. பண்ணையினர் மறுக்க வேண்டியிருந்தது. சென்னையில் 250 சென்டிமீட்டர் மழை பெய்யும் என்று நாசா சொன்னதாக ஒரு செய்தி சுற்றியது. நாசா அப்படி எதுவும் சொல்லவில்லை. இவற்றைவிட அடிக்கடி வருவது ‘ஏரி உடைந்துவிட்டது’ என்ற செய்தி. ஏரி நிரம்பும்போது மதகுகளைத் திறந்து அளவோடு நீரை வெளியேற்றுவது உபரிநீர்த் திறப்பு. கரை உடைவது முற்றிலும் வேறு. ‘செம்பரம்பாக்கம் திறக்கப்பட்டது’ என்று புறப்படும் செய்தி, பத்துக் கைகள் மாறுவதற்குள் ‘செம்பரம்பாக்கம் உடைந்தது’ என்று ஆகிவிடுகிறது. சொல்பவர் எவரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. பயம் அதைத் திருத்தி எழுதிவிடுகிறது.

வேண்டுமென்றே சொல்லப்படும் பொய்யும் உண்டு. சாண்டி புயலின்போது நியூயார்க் பங்குச் சந்தைக் கூடம் 3 அடி நீரில் மூழ்கியதாக ஒருவர் ட்வீட் செய்தார், சி.என்.என். அதை ஒளிபரப்பியே விட்டது. 2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, முன்பு ட்விட்டராக இருந்த எக்ஸ் தளத்தில் போலி மீட்புக் கோரிக்கைகள் குவிந்தன. பார்வைகள் அதிகமானால் காசு கிடைக்கும் ஏற்பாடு அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. பொய்க் கோரிக்கை எழுதிக் காவல்துறையைத் தேடவைத்ததாக ஒருவர் கைதானார். சாகக் கிடப்பவரின் குரலைப் போலச் செய்து காசு பார்ப்பதைவிடக் கீழான செயல் எனக்குத் தெரியவில்லை.

மறுபக்கமும் உண்டு. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது, டெக்சாஸ் மாநிலத்தின் டிக்கின்சனில் ஒரு முதியோர் இல்லத்தில் இடுப்பளவு நீரில் மூதாட்டிகள் உட்கார்ந்திருக்கும் படம் வெளியானது. போலிப் படம் என்று பலர் ஒதுக்கினார்கள். அது உண்மை. நல்லவேளையாக அன்றே அவர்கள் மீட்கப்பட்டார்கள். சந்தேகப்படுவது மட்டும் சரிபார்ப்பு ஆகாது. சரிபார்ப்பு என்றால் முதலில் பதிவிட்டவரைக் கண்டுபிடித்து, எப்போது, எங்கே என்று கேட்டு உறுதி செய்வது.

ஆனால் பொய்யைவிட அதிகமாக மீட்புப் பணியை அலைக்கழிப்பது பழைய உண்மை. நேற்று மாலை உண்மையாக இருந்த கோரிக்கை, நேரம் குறிப்பிடாமல் எழுதப்பட்டதால் இன்று மாலையும் புதிதுபோல் வருகிறது. ‘இப்போது’, ‘இன்று’, ‘சற்று முன்’ என்ற சொற்கள் வாட்ஸ்அப்பில் காலாவதியாவதே இல்லை. தேதியும் மணியும் எழுதியிருந்தால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

எச்சரிக்கை எப்படி வருகிறது

2023இல் இந்தியாவெங்கும் கைபேசிகள் திடீரென்று உரக்க ஒலித்து, திரையில் சோதனை எச்சரிக்கை தோன்றியது நினைவிருக்கலாம். அது செல் பிராட்காஸ்ட். ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தியை ஒலிபரப்பும் முறை அது. உங்கள் எண் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஒருவருக்கு அனுப்பினாலும் ஒரு லட்சம் பேருக்கு அனுப்பினாலும் கோபுரத்துக்குச் சுமை ஒன்றுதான். அழைப்புகள் திணறும் நேரத்திலும் போய்ச் சேரும். பேரிடர் நேரத்தில், எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று முடிவு செய்யும் சமூக ஊடகத்தின் வரிசைமுறை ஆறு மணி நேரத்துக்கு முந்தைய எச்சரிக்கையை இப்போதையதுபோல் காட்டக்கூடும். செல் பிராட்காஸ்டில் அந்த ஆபத்து இல்லை.

அரசுகள் வதந்திக்குப் பயந்து ஊடகத்தையே மூடுவதும் நடக்கிறது. 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியை நிலநடுக்கம் உலுக்கிய பின், இடிபாடுகளுக்கு அடியிலிருந்தே மக்கள் தங்கள் இருப்பிடத்தைப் பதிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி 8 அன்று ஏறக்குறைய அரை நாள் அங்கே ட்விட்டர் முடக்கப்பட்டது. கண்டனம் எழுந்த பின் திறந்தார்கள். இடிபாட்டுக்குள் இருப்பவருக்கு அரை நாள் என்பது எவ்வளவு என்பதை விளக்கத் தேவையில்லை. வதந்திக்கு மருந்து, மணிக்கொரு முறை நேரத்தோடு வெளியாகும் நம்பகமான அரசுத் தகவல்.

ஒரு கோரிக்கையை எழுதும் விதம்

முதலில் தொலைபேசி. 112 அவசர அழைப்பு. தமிழ்நாட்டில் 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. அங்கே அழைப்பு கிடைக்காதபோது, அல்லது அங்கே சொன்ன பிறகு கூடுதலாக, இணையத்தில் எழுதலாம். எழுதும்போது இந்த வடிவம் போதும்:

‘டிசம்பர் 2, காலை 6.40. இன்ன ஊர், இன்ன தெரு, இன்ன பள்ளிக்குப் பின்புறம், நீல நிற இரண்டு மாடி வீடு. அட்ச தீர்க்கம் இது. முதல் மாடியில் 5 பேர்; ஒருவர் 78 வயது, நடக்க முடியாதவர்; ஒரு கைக்குழந்தை. தரைத்தளத்தில் நீர் 4 அடி, ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே இருப்பவரின் எண் இது. கிடைக்காவிட்டால் வெளியூரில் இருக்கும் என் எண் இது. 1077இல் 6.15க்குச் சொல்லியாயிற்று.’

இதில் கெஞ்சல் இல்லை. ஆனால் படகோட்டிக்குத் தேவையான அனைத்தும் இருக்கிறது. படமாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்புங்கள். படத்திலிருந்து எண்ணை நகலெடுக்க முடியாது, மீட்பவர் மழையில் ஒவ்வோர் இலக்கமாகத் தட்ட வேண்டியிருக்கும்.

மற்றவருடைய கோரிக்கை உங்களிடம் வந்தால், அதில் உள்ள எண்ணை ஒரு முறை மட்டும் அழைத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப அழைத்தால் சிக்கியிருப்பவரின் கைபேசியில் மிஞ்சியிருக்கும் சார்ஜ் உங்களாலேயே தீர்ந்துவிடும். வெளியூர் உறவினரின் எண் இருந்தால் அதையே அழையுங்கள். மீட்கப்பட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால், செய்தி எந்தக் குழுவிலிருந்து வந்ததோ அங்கேயே ‘மீட்கப்பட்டனர்’ என்று நேரத்தோடு எழுதுங்கள். உங்கள் பதிவாக இருந்தால் நீக்குங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அவசரத்தில் திறந்துவைத்த அட்டவணைகளில் ஆயிரக்கணக்கானவர்களின் பெயர், எண், வீட்டு முகவரி, வீட்டில் யார் யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கின்றன. அன்று உயிரைக் காத்த அதே தகவல், பிறகு மோசடிக்காரர்களுக்கும் பெண்களைத் தொல்லை செய்பவர்களுக்கும் வசதியாகிவிடும். அட்டவணையைத் தொடங்கியவர் அதற்குப் பூட்டுப் போட வேண்டும். கோரிக்கைகள் முடிந்ததும் பெயரையும் எண்ணையும் அழித்துவிட்டு, எந்தப் பகுதியில் எப்போது எத்தனை கோரிக்கைகள் வந்தன என்ற கணக்கை மட்டும் மாவட்ட நிர்வாகத்திடம் சேர்க்கலாம். அடுத்த பருவமழைக்கு எந்தத் தெருமுனையில் படகை நிறுத்தி வைப்பது என்று முடிவு செய்ய அந்தக் கணக்கு அவர்களுக்குத் தேவைப்படும்.